பலகையில் ஏறிய முகம்

லண்டன் தோர்ண்டன் ஹீத் கடைத்தெருவில் எங்கள் ஸ்டூடியோவுக்கும் அமா செர்வாவின் தலைமுடிக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். பதினொரு வருடமாக அந்தச் சுவர் வழியாக அவளுடைய சிரிப்பைக் கேட்டு வருகிறேன். அதைச் சாதாரணச் சிரிப்பென்று நினைத்துவிடாதீர்கள். என் கணவர் பரமேஸ்வரன் கடவுச்சீட்டுப் படம் எடுக்க ஒருவரை இருத்தி, "சிரிக்காதேங்கோ, அசையாதேங்கோ" என்று சொல்லி முடிப்பதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து அது கிளம்பும். இருப்பவர் சிரித்துவிடுவார். இவர் மறுபடியும் முதலிலிருந்து எடுப்பார்.

செர்வா கானா நாட்டுக்காரி. குமாசியில் பிறந்து எட்டு வயதில் தாயோடு லண்டனுக்கு வந்தவள். இப்போது ஐம்பது வயது. அவர்கள் வழக்கத்தில் சனிக்கிழமை பிறக்கும் பெண்ணுக்கு அமா என்று பெயராம். சனிக்கிழமை என்றாலே நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுகிற சாதி நாங்கள். அவளோ எதை ஆரம்பித்தாலும் சனிக்கிழமையில்தான் ஆரம்பிப்பாள். "அது என்ர நாள் சிஸ்டர், அந்த நாளுக்கு என்னைத் தெரியும்" என்பாள்.

அவள் பேசுவது ஆங்கிலம். நான் பேசுவதும் ஆங்கிலம் என்றுதான் எனக்கு நினைப்பு. ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவளின் ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள். ஆனால் அவள் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் தமிழாகத்தான் இறங்கியிருக்கிறது, நாங்கள் சிநேகிதிகளுக்குள் சொல்லும் "நீர்", "உம்மட" என்பதோடு. அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பது இவர். கணினிக்கு முன்னால் இருந்து அதைத் திருத்துவது கனகாம்பிகையாகிய நான். கல்யாணவீடு, பெண் பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எந்தப் படம் வந்தாலும் என் முதல் வேலை முகங்களை வெளிறச் செய்வதுதான். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமலே செய்து கொடுப்பதுதான் மரியாதை. மாப்பிள்ளைக்கு ஒரு படி, பெண்ணுக்கு இரண்டு படி, பெண்ணின் தாய் சண்டைக்காரி என்றால் மூன்று படி. ஒரேயொரு தடவை மறந்துபோய் ஒரு பிள்ளையின் நிறத்தை உள்ளபடியே விட்டு அல்பத்தைக் கொடுத்துவிட்டேன். தாய்க்காரி கடை வாசலில் நின்று, "என்ர பிள்ளையைக் கரியாக்கிப்போட்டியளே" என்று தெருவே கூடும்படி கத்தினாள். அதற்குப் பிறகு நான் மறந்ததில்லை.

என் சொந்த மகள் டிலக்சனாவின் சாமத்திய அல்பத்தையும் நான்தான் செய்தேன். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தவள், "அம்மா, இது ஆர்?" என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது அவளுக்கு இருபத்தெட்டு, ஸ்ட்ரெதமில் தனியாக இருக்கிறாள். அந்த அல்பம் எங்கள் அலுமாரியில்தான் கிடக்கிறது. எத்தனை தரம் சொல்லியும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

செர்வாவின் முகத்தில் மட்டும் நான் கை வைத்ததில்லை. அது பெருந்தன்மையால் வந்ததில்லை. அவள் எங்களிடம் எடுத்ததெல்லாம் கடவுச்சீட்டுப் படங்கள், அவற்றைத் திருத்தக்கூடாது என்பது சட்டம். அதனால்தான் அந்த முகம் இத்தனை வருடம் என்னிடமிருந்து தப்பியிருந்தது.

நாங்கள் இங்கே கடை போட்ட புதிதில் அவளோடு பேசவே எனக்கு விருப்பமில்லை. அவளைப் போன்றவர்களைக் குறிக்க எங்கள் வீடுகளில் ஒரு சொல் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். நானும் அந்தச் சொல்லைச் சொன்னவள்தான். பிறகு ஒரு மாசி மாதம் எங்கள் கடையில் ஹீட்டர் வேலை செய்யாமல் போனது. விறைத்துப்போய் இருந்த என்னை அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் கடையில் இருத்தினாள். மூன்று நாள் அங்கே இருந்துதான் ஒரு கல்யாண அல்பத்தை முடித்தேன். அந்த மூன்று நாளில்தான் அவளுடைய கதை முழுவதையும் கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் அவளுடைய முடியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்களாம். "கழுவினால் வெளுக்குமா?" என்று கேட்பார்களாம். பத்தொன்பது வயதில் ஒரு பெரிய கடையில் வாசனைத் திரவியம் விற்கும் வேலைக்குப் போயிருக்கிறாள். கடையை நடத்திய முகாமைக்காரி அவளைப் பொருட்கள் அடுக்கும் பின்னறைக்கு அனுப்பினாள். அவளோடு சேர்ந்த இன்னொரு பெண், இவளை விட வெளுத்தவள், வாசலில் நின்றாள். செர்வாவுக்கு விளக்கம் யாரும் சொல்லவில்லை, தேவைப்படவுமில்லை. தெருக்கடை ஒன்றில் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கும், பெயர் ஒட்டாத கிரீம் ஒன்றை வாங்கிப் பூசத் தொடங்கினாள்.

ஆறு மாதத்தில் வெளுத்தாள். முன்வாசலுக்கும் மாற்றினார்கள். எட்டாம் மாதம் தோல் எரியத் தொடங்கியது. கன்னம் திட்டுத்திட்டாகக் கறுத்தது. விரல் முட்டிகள் எல்லாம் கன்றிப்போயின. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்திருக்கிறாள்.

"அந்த ஒரு வருசமும் கண்ணாடி பாக்கேல்லை" என்றாள். "கை சும்மா இருக்கேலாமல் அம்மாவின்ர தலையைப் பின்னினன். பிறகு பக்கத்து வீட்டுக்காரி வந்தா. பிறகு அவவின்ர தங்கச்சி. ஒரு நாள் குசினியில ஒன்பது பேர் வரிசையில நிண்டினம். ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கேல்லை, கையைத்தான் பாத்தவை. அந்தக் கையாலதான் நான் எழும்பினன்."

கன்னம் மெல்ல மெல்ல ஆறிவிட்டது. முட்டிகள் ஆறவில்லை. இன்றைக்கும் அவளுடைய பத்து விரல் முட்டிகளும் மற்ற இடத்தை விடக் கறுத்துத் தடித்திருக்கும். அவள் அவற்றை மறைப்பதில்லை. கடையில் கண்ணாடிக்கு முன்னால் பிள்ளைகளின் தலையைப் பின்னும்போது அந்த முட்டிகள்தான் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஏறி இறங்கும். யாராவது கேட்டால் முழுக்கதையும் சொல்லுவாள்.

அவள் கடையில் வெளுக்கும் கிரீம் இல்லை. ஒருமுறை ஒரு விற்பனைக்காரன் அந்தக் கிரீம்கள் அடுக்கிய அலங்காரத் தட்டோடு வந்து அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து மூலையில் நிறுத்திவிட்டான். செர்வா திரும்பினாள். தட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் நடைபாதையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் பின்னால் ஓடினான். நான் எங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கிறார்கள், முடியை நேராக்கிவிடு என்று பிள்ளைகளைக் கூட்டி வரும் தாய்மாரும் உண்டு. "உன்ர பிள்ளையின்ர முடிக்கு ஒரு வருத்தமும் இல்லை, நான் ஏன் வைத்தியம் பாக்க?" என்று கேட்டுவிட்டுப் பின்னத் தொடங்குவாள். பின்னி முடித்ததும் பிள்ளை கண்ணாடியைப் பார்க்கும் பார்வையைக் கண்டபின் எந்தத் தாயும் சண்டை பிடித்ததில்லை.

அவளுடைய பெயருக்கு அதுதான் மூலதனம். தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் ஜமெய்க்காக்காரி மிஸ் பேர்ல் தன் குழுவின் பன்னிரண்டு பெண் பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றி இங்கே கூட்டி வருவது அதற்காகத்தான். வழியில் வேறு ஆறு கடை இருக்கிறது.

இந்த வருடம் செர்வா தன் மறுபக்கத்துக் கடையையும் எடுத்து, நடுச்சுவரை உடைத்து, இரண்டையும் ஒன்றாக்கினாள். வாசலுக்கு மேலே பெரிய பெயர்ப்பலகை. இடது பக்கம் ஆறடி அகலத்தில் அவளுடைய படம். திறப்பு விழா, சொல்லவே வேண்டாம், சனிக்கிழமை. மிஸ் பேர்லின் பிள்ளைகள் வந்து பாடுவதாக ஏற்பாடு.

படத்தை இவர்தான் எடுத்தார். நல்ல படம். தலையில் கிரீடம் போலப் பின்னல், தோளில் அவர்களுடைய கென்டேத் துணி, உயர்த்திய கையில் சீப்பு, வாய் நிறையச் சிரிப்பு. கமராவில் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இனி உம்மட பொறுப்பு. நீர் பாத்து அனுப்பிவிடும்" என்று சொல்லிப் போனாள்.

நான் பார்த்துத்தான் அனுப்பினேன். அவளுடைய கதை முழுவதும் தெரிந்த நான், கணினிக்கு முன்னால் இருந்ததும் இரண்டு படி வெளிறச் செய்தேன். கன்னத்தை வழவழப்பாக்கினேன். விரல் முட்டிகளைச் சுத்தமாகத் துடைத்தேன். ஹீட்டர் இல்லாத நாளில் என்னைக் கூட்டிப்போய் இருத்தியவளுக்கு என்னால் முடிந்த பரிசு என்று நினைத்தேன். அன்பில்தான் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கூசுகிறது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏணி வைத்துப் பலகையைப் பூட்டினார்கள். செர்வா மொத்த விற்பனைக் கடைக்குப் போயிருந்தாள். முதலில் பார்த்தது மிஸ் பேர்ல். பேருந்திலிருந்து இறங்கி, கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பதினொரு மணிக்குச் செர்வா வந்து காரிலிருந்து இறங்கியபோதும் அவள் அங்கேதான் நின்றாள்.

"திரும்பப் பூசத் தொடங்கிட்டியோ, பிள்ளை?" என்று கேட்டாள்.

செர்வா நிமிர்ந்து பார்த்தாள். நான் எங்கள் வாசலில் நின்று, அவள் என்னைப் பார்த்துக் கை காட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிப்போனதைத்தான் கண்டேன்.

"அது நானில்லை" என்றாள்.

"அதைத்தான் நானும் கேக்கிறன்" என்றாள் மிஸ் பேர்ல். "என்ர பன்னிரண்டு பேருக்கும் உன்ர முட்டியைக் காட்டித்தான் புத்தி சொன்னனான். நாளைக்கு அதுகளைக் கொண்டுவந்து இதுக்குக் கீழ நிப்பாட்டி என்னத்தைச் சொல்ல? நான் கொண்டுவரேல்லை." பையை எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறிப் போய்விட்டாள்.

செர்வா நேரே எங்கள் கடைக்குள் வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"என்ன செய்தனீர்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிழை செய்தவளுக்குத்தான் கோபம் முந்தி வரும். "என்ன பிழை செய்தனான்? எல்லாருக்கும் செய்யிறதைத்தானே செய்தனான்? வடிவாத்தானே செய்து தந்தனான்!"

"ஆரை வடிவாக்கினனீர்? என்னையோ, வேறை ஆரையுமோ?"

கேட்டுவிட்டு எங்கள் சுவரில் தொங்கும் படங்களைப் பார்க்கத் தொடங்கினாள். பதினொரு வருடமாக வந்துபோகும் கடைதான், ஆனால் அன்றைக்குத்தான் பார்ப்பது போல ஒவ்வொரு மணப்பெண்ணாகப் பார்த்துக்கொண்டு போனாள். கடைசியில் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் பெரிய படத்தின் முன்னால் நின்றாள். சிவப்புக் கூறைச் சேலை, நெற்றிச்சுட்டி, மாவில் செய்தெடுத்தது போல ஒரு முகம்.

"இது ஆர்?"

அந்தக் கேள்வியை முன்பும் ஒரு தடவை என் காதால் கேட்டிருக்கிறேன்.

"நான்" என்றேன். "ஜெர்மனியில, டோர்ட்முண்டில என்ர கலியாணத்தில எடுத்தது. பிறகு நானே இருந்து திருத்தினது."

என் முகத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். "உம்மட மகளுக்கும் இப்பிடித்தானோ?"

"ஓம்."

"அவ என்ன சொன்னவ?"

"இது ஆர் எண்டு கேட்டவ. நாங்கள் சிரிச்சனாங்கள்." அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. பதினாறு வருடம் நான் அதைப் பகிடிக் கதையாகத்தான் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன்.

செர்வா கதிரையை இழுத்து என் கணினிக்கு முன்னால் போட்டாள். "அழுகையைப் பிறகு பாப்பம். நாளைக்குக் காலமை பத்து மணிக்கு என்ர முகம் அங்க இருக்க வேணும். அது சனிக்கிழமை, நான் நாளை மாத்தமாட்டன். சொல்லும், என்ன வழி?"

பலகை அச்சிடும் இடத்தைக் கேட்டேன், செவ்வாய்க்கு முன் ஏலாது என்றார்கள். எங்களிடம் சாமத்தியவீட்டு மேடைகளுக்குப் பின்னால் ஒட்டும் படங்களை அச்சிடும் மெஷின் இருக்கிறது. இரண்டடி அகலம்தான் வரும். மூன்று கீலமாக, நீளத் துண்டுகளாக, எடுத்துப் பலகையில் ஒட்டலாம், ஆனால் கோடு தெரியும் என்றார் இவர்.

"தெரியட்டும்" என்றாள் செர்வா. நாளைக்கென்று பையில் வைத்திருந்த கென்டேத் துணியை எடுத்து என் மடியில் போட்டாள். "இதைப் பாரும். கீலம் கீலமா நெய்து பிறகு பொருத்தித் தைச்சது. எங்கட ராசாக்கள் கட்டினது. எனக்குக் கீலம் புதிசில்லை."

மூலப்படத்தைத் திறந்து முதல் கீலத்தை அச்சிட்டோம். வந்தது செர்வா இல்லை. சாம்பல் பூசின ஒருத்தி வந்தாள். இத்தனை வருடமாக அந்த மெஷினுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்ததெல்லாம் வெளுப்பைத்தான், கறுப்பைக் காட்ட அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆயிரக்கணக்கில் முகம் திருத்தியவள், என் முன்னால் இருக்கும் ஒரு முகத்தை உள்ளபடி எடுக்கத் தெரியாமல் இருந்தேன்.

செர்வா சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதைப் பாத்துச் செய்யும். அவசரப்படாதேயும்."

பார்த்தேன். தெரிந்தவள் கைதான், ஆனால் நான் பார்த்ததே இல்லை. கறுப்பு என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்குள் செம்பு நிறம் இருந்தது. முழங்கை மடிப்பில் கருநீலம், மணிக்கட்டில் தேயிலைச் சாயத்தின் சிவப்பு. சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினேன், மஞ்சளைக் குறைத்தேன், நிழலை நிழலாக விட்டேன். அச்சிட்டுப் பார்ப்போம், அவள் கையை வைத்துப் பார்ப்போம், "இல்லை" என்பாள். ஏழாவது தாளில்தான் தாளுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்தது. இவர் மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

"முட்டியை என்ன செய்யிறது?" என்று கேட்டேன். முதல் தடவை கேட்காமல் செய்தேன் அல்லவா.

"என்னட்டை இருக்கிறபடி வையும். அதைத் துடைச்சால் நான் ஏன் கடை நடத்திறன் எண்டு ஆருக்குத் தெரியும்?"

பத்து முட்டிகளில் படத்தில் தெரிந்த ஐந்தையும் உள்ளபடியே விட்டேன். மாலை ஆறு மணிக்கு, நல்ல வெயிலில், இவர் ஏணியில் ஏறி நிற்க நாங்கள் இருவரும் கீழே நின்று "இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று கத்திக் கத்தி மூன்று கீலத்தையும் ஒட்டி முடித்தோம். இரண்டு கோடும் நன்றாகவே தெரிந்தன. செர்வா அதைத் தொலைபேசியில் படம் எடுத்து மிஸ் பேர்லுக்கு அனுப்பினாள். கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. பதிலும் வரவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கடைத்தெருவே வாசலில் நின்றது. டிலக்சனாவும் ஸ்ட்ரெதமிலிருந்து வந்திருந்தாள். செர்வா கென்டேயைப் போர்த்துக்கொண்டு பலகைக்கு நேர் கீழே கதிரை போட்டு, நாடகக் கொட்டகை ராணி மாதிரி இருந்தாள். பத்தேகாலுக்குப் பேருந்து வந்தது. மிஸ் பேர்ல் முதலில் தனியாகத்தான் இறங்கினாள். பலகையைப் பார்த்தாள். பிறகு செர்வாவின் வலது கையைத் தூக்கி, விரலை விரித்து, மேலே பார்ப்பதும் கையைப் பார்ப்பதுமாக ஐந்து முட்டியையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"கோடு ஏன் விழுந்திருக்கு?" என்று கேட்டாள்.

"தைச்சது" என்றாள் செர்வா.

மிஸ் பேர்ல் பேருந்துப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினாள். பன்னிரண்டு பிள்ளைகளும் இறங்கினார்கள். அவர்கள் பாடத் தொடங்கியபோது செர்வா சிரித்த சிரிப்புக்கு இனி எங்கள் சுவர் தாங்குமோ தெரியாது.

செவ்வாய்க்கு வேறு பலகை அடித்து ஒரே தாளாக மாற்றலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். கோடு போட்ட முகம்தான் இன்றும் அங்கே இருக்கிறது.

பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தபோது டிலக்சனா மட்டும் அசையாமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, என்ர சாமத்தியப் படத்தின்ர ஒரிஜினல் இருக்கோ?"

"இருக்கு பிள்ளை. ஒண்டையும் நான் அழிக்கேல்லை."

"அதை எடுத்துத் தாங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ."

திங்கட்கிழமை அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன். மயில் கழுத்து நிறச் சேலையில், என் நிறத்தில், பல் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டு என் பிள்ளை இருந்தாள். எத்தனை வடிவு! கை பழக்கத்தில் மவுஸுக்குப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெள்ளியன்று மெஷினுக்குப் பழக்கின அதே நிற அளவில் அச்சிட்டேன்.

அவள் வேலை முடிந்து வந்தாள். தாளை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். இந்தத் தடவை யார் என்று கேட்கவில்லை. "இது நான்" என்றாள்.

"என்னை மன்னிச்சுக்கொள், அம்மாச்சி" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு தாளைச் சுருட்டி, பையில் மடங்காமல் வைத்து, ரயிலுக்கு ஓடினாள்.

படம் இப்போது ஸ்ட்ரெதமில் அவளுடைய வீட்டு முன்னறையில் தொங்குகிறது. அல்பம் எங்கள் அலுமாரியிலேயே கிடக்கிறது. அதை எடுத்துப் போகும்படி நான் இனிச் சொல்லப் போவதில்லை.